வாசகர் கேள்வி பதில்: ஸ்லைடு மேல டாப்பர் போடணுமா, விட்டுடலாமா?

இந்த மாசம் ஆர்வி (உள்ளயே சமைச்சு, படுத்துத் தூங்கற வீட்டு வண்டி) பத்தி வந்த கேள்வி எல்லாம் பேசி வச்சுக்கிட்ட மாதிரி ஒரே விஷயத்துல வந்து நிக்குது, அதனால பக்கம் முழுக்க அதுக்கே. ட்ரைலர் பக்கமே போகாதவங்களுக்கு மட்டும் சுருக்கமா சொல்லிடறேன். ஸ்லைடு அவுட்னா வண்டியை நிறுத்தினப்புறம் பட்டனை அமுக்கினா சோபாவோ கட்டிலோ இருக்கிற பக்கம் சுவரோட சேர்ந்து ரெண்டு மூணு அடி வெளிய போகும், உள்ள காலை நீட்ட இடம் கிடைக்கும், கிளம்பும்போது திரும்ப உள்ள இழுத்துக்கணும். வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிற அந்தப் பெட்டிக்கும் ஒரு கூரை இருக்கு, அதுக்கு மேல விரியற துணிதான் டாப்பர். துணியோட ஒரு ஓரம் வண்டிச் சுவத்துல, இன்னொரு ஓரம் ஸ்லைடோட வெளி விளிம்புல இருக்கிற ரோலர்ல. ஸ்லைடு வெளிய போனா தானா விரியும், உள்ள வந்தா ரோலருக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் சுருட்டிக்கும். இதுக்குன்னு தனி மோட்டார் எல்லாம் கிடையாது. கேர்ஃப்ரீ, டொமெடிக், லிப்பர்ட்னு மூணு கம்பெனி பேருதான் அமெரிக்காவுல அடிக்கடி காதுல விழும்.

கேள்வி: அண்ணா வணக்கம். டெக்சஸ்ல ஃப்ரிஸ்கோல இருக்கோம். யூஸ்டு ட்ராவல் ட்ரைலர் ஒண்ணு வாங்கியிருக்கோம், ரெண்டு ஸ்லைடு, ஹால்ல பெருசு (சோபாவும் சாப்பாட்டு டேபிளும் அதுலதான் இருக்கு), பெட்ரூம்ல துணி அலமாரிக்கு ஒரு சின்னது. ரெண்டுக்கும் டாப்பர் இல்ல. சர்வீஸுக்கு விட்ட இடத்துல ரெண்டுக்கும் போட்டே ஆகணும், இல்லேன்னா ஒரே வருஷத்துல கூரை அழுகிடும்ங்கறாங்க. வீட்டுக்காரம்மா போட்டுடலாம்ங்கறா. கூட வேலை பாக்கற பையன் ஒருத்தன் அதெல்லாம் தண்டம், காத்துல படபடன்னு அடிச்சு ராத்திரி தூங்கவே விடாதுங்கறான். ஹெச்ஓஏ (குடியிருப்புச் சங்கம்) வீட்டு வாசல்ல நிறுத்த விடமாட்டேங்கறதால வண்டி கூரையில்லாத ஓப்பன் ஸ்டோரேஜ்லதான் நிக்குது. போறது பெரும்பாலும் டைலர் ஸ்டேட் பார்க், எப்பவாவது கார்னர் ஸ்டேட் பார்க், பாலோ டூரோ கேன்யன் ஒரு தடவை போகணும்னு ஆசை. என்ன பண்றது?

பதில்: தம்பி, ஒரே வருஷத்துல அழுகிடும்னு சொன்னது வியாபாரப் பேச்சு, அதை அப்படியே ஒதுக்கி வச்சிடுங்க. எத்தனையோ ட்ரைலர் டாப்பர் இல்லாமத்தான் ஃபேக்டரியை விட்டே வெளிய வருது, பல மாடல்ல அது எக்ஸ்ட்ரா காசு குடுத்து வாங்கற ஆப்ஷன். ஸ்லைடு கூரைக்குன்னு ரப்பர் ஷீட்டோ ஃபைபர்கிளாஸோ இருக்கு, ஸ்லைடு சுவரைத் தாண்டற இடத்துல சீல் இருக்கு, தண்ணியைத் தடுக்க வேண்டிய வேலை அதுங்களோடது. அது ரெண்டும் நல்லா இருந்தா டாப்பர் இல்லாம வருஷக்கணக்கா ஓட்டலாம். அது ரெண்டும் போயிருந்தா டாப்பர் போட்டாலும் ஒழுகும், என்ன, கொஞ்ச நாள் கழிச்சு தெரியவரும், அவ்ளோதான்.

அப்புறம் எதுக்குத்தான் டாப்பர்னு கேப்பீங்க. என்னைக் கேட்டா இதுல ஒரே கேள்விதான், ஸ்லைடு கூரையை யாரு கூட்டறது? டாப்பர் இல்லாத வண்டியில ஒவ்வொரு தடவை ஸ்லைடை உள்ள இழுக்கறதுக்கு முன்னாடியும் மேல என்ன கிடக்குன்னு ஏணி போட்டு பார்க்கணும், இலை தழை சுள்ளி எல்லாம் தள்ளி விடணும். ஸ்லைடு கூரை மேல ஏறி நிக்கவும் கூடாது, அது ஆள் பாரம் தாங்கறதுக்கு கட்டினது இல்ல, ஏணியில நின்னபடியே நீளக் கைப்பிடி விளக்குமாறை வச்சுத்தான் தள்ளணும். ஞாயித்துக்கிழமை காலையில செக்அவுட் டைம் நெருங்குது, ஒரு பக்கம் குழந்தை அழுவுது, சூவர் ஹோஸ் (கழிவுத் தண்ணிக் குழாய்) வேற கழட்டணும், அந்த நேரத்துல ஏணியை இறக்கி ரெண்டு ஸ்லைடையும் கூட்டுவீங்களா மாட்டீங்களா, அதை உங்க மனசாட்சியைக் கேளுங்க. கூட்டுவேன்னு சொன்னா காசு மிச்சம்.

இப்ப நீங்க போற இடங்களைப் பார்ப்போம், முடிவு அங்கதான் இருக்கு. டைலர் பக்கம் முழுக்க பைன் மரம். அந்த ஊசி இலை ரெண்டு ரெண்டா, மூணு மூணா கொத்தாத்தான் விழும், மழையில நனைஞ்சா கூரையோட ஒட்டிக்கும். ஸ்லைடை உள்ள இழுக்கும்போது மேல் சீல் கூரையை வழிச்சுக்கிட்டே வரும், பெரிய இலையா இருந்தா தள்ளிடும், ஆனா பைன் ஊசி வாட்டமா படுத்திருந்தா சீலுக்கு அடியில நழுவிடும். கொஞ்சம் உள்ள வந்து சோபா பின்னாடி விழும், அது பரவாயில்ல, பொறுக்கிடலாம். மீதி சீல் உதட்டுக்கு அடியிலயே மாட்டிக்கிட்டு நிக்கும், அந்த இடத்துல மட்டும் ரப்பர் கூரையோட ஒட்டாம ஒரு நூல் அளவு தூக்கிக்கிட்டு இருக்கும், அடுத்த மழைக்கு தண்ணி வர வழி அதுதான். ஒழுகுதுன்னு சீலை மாத்தச் சொல்லி காசு வாங்கிட்டுப் போற கேஸுல பாதி, கைவிரலை விட்டு நாலு ஊசியை உருவி எடுத்தா சரியாப் போற கேஸு.

கார்னர் பக்கம் லைவ் ஓக். அந்த மரத்துக்கு ஒரு விசேஷம், மத்த மரம் மாதிரி இலையுதிர் காலத்துல கொட்டாது, வசந்த காலத்துல பழைய இலையை எல்லாம் ஒரே மூச்சா கொட்டிட்டு கூடவே மஞ்சள் தூளும் சரம் சரமா பூவும் விழும், ஸ்பிரிங் பிரேக்குக்கு நம்மாளுங்க குடும்பத்தோட போற நேரம் பார்த்துதான் அது நடக்கும். இலையுதிர் காலத்துல போனா ஏகார்ன் கொட்டை. ஒரு கொட்டை கூரைக்கும் சுவருக்கும் நடுவுல மாட்டினா போதும், மோட்டார் இழுத்துக்கிட்டே இருக்கும், சீல் கிழியும், இல்லேன்னா ரப்பர் ஷீட்டுல நீளமா ஒரு கோடு போட்டுடும்.

பாலோ டூரோ கதையே வேற. அமரில்லோ பக்கம் காத்து, அதுவும் மார்ச் ஏப்ரல்ல சும்மா விட்டு விளாசும். உங்க ஃப்ரெண்டு சொன்ன படபட சத்தம் அங்க உண்மை. துணிக்கு அடியில ரெண்டு பக்கமும் திறந்துதான் இருக்கும், காத்து உள்ள பூந்து துணியை மேல தூக்கும், அப்புறம் டபார்னு கீழ அடிக்கும், விடிய விடிய அதே வேலை. கேல்வெஸ்டன் கடற்கரையில நிறுத்தினாலும் இதே பாட்டுதான். அந்த மாதிரி ராத்திரியில செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, ஸ்லைடை உள்ள இழுத்துட்டு இருக்கிற இடத்துல படுக்கறது. உங்க கட்டில் ஸ்லைடுல இல்ல, அலமாரிதான் இருக்கு, அதனால உங்களுக்கு அது ஒண்ணும் பெரிய கஷ்டம் இல்ல. கட்டிலே ஸ்லைடுல இருக்கிறவங்க பாடுதான் திண்டாட்டம்.

ஸ்டோரேஜ் விஷயத்துல டாப்பரால உங்களுக்கு லாபமே இல்ல. ஸ்லைடு உள்ள இருக்கிற வரைக்கும் துணி சுருட்டித்தான் இருக்கும், மூடறதுக்கு கூரையும் வெளிய இல்ல. சொல்லப்போனா சுருளுக்கு மேல தகடு மூடி இல்லாத மாடலா இருந்தா கடைசி சுத்துத் துணி மட்டும் டெக்சஸ் வெயில்ல வருஷம் பூரா காயும், முதல்ல வெளுக்கறதும் கிழியறதும் அந்தப் பட்டைதான். வாங்கும்போது மூடி இருக்கான்னு கேளுங்க.

ஆக என் தீர்ப்பு: ஹால் ஸ்லைடுக்கு போடுங்க, பெட்ரூமுக்கு வேண்டாம். ரெண்டுக்கும் சேர்த்துத்தான் போடணும்னு சட்டம் ஒண்ணும் கிடையாது, பேக்கேஜுன்னு சொல்லி தலையில கட்டப் பார்ப்பாங்க. அலமாரி ஸ்லைடு சின்னது, ஏணியை ஒரே இடத்துல வச்சு ரெண்டு வீசு வீசினா சுத்தமாயிடும். ஹால் ஸ்லைடு அப்படி இல்ல, ஏணியை மூணு இடம் நகத்தணும், அதுவும் பல கேம்ப்சைட்டுல அந்தப் பக்கம்தான் ஹூக்கப் போஸ்ட், கரண்ட் வயர், தண்ணி ஹோஸ் எல்லாம் ஓடும், ஏணிக்கு சமதளமே கிடைக்காது. வீட்டுக்காரம்மா சொன்னதுல பாதி, ஃப்ரெண்டு சொன்னதுல பாதி, ரெண்டு பேருக்கும் மரியாதை குடுத்த மாதிரி ஆச்சு.

சரின்னு சொல்றதுக்கு முன்னாடி ஸ்லைடுக்கு மேல இருக்கிற சுவரை ஒரு தடவை அண்ணாந்து பாருங்க. பல ட்ரைலர்ல துணியோட ஓரத்தைச் செருகறதுக்கு காடி வச்ச அலுமினியப் பட்டை ஃபேக்டரியிலயே அடிச்சிருப்பாங்க. அது இருந்தா சுவத்துல புதுசா ஓட்டை போடற வேலை இல்ல, கூலியும் அதுக்கேத்த மாதிரி குறையணும். எஸ்டிமேட்ல பொருளுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவுன்னு பிரிச்சு எழுதச் சொல்லுங்க. முக்கியமா, துணி மேல ஏறினப்புறம் கூரையை எட்டிப் பார்க்கறதே கஷ்டம், அதனால போடறதுக்கு முன்னாடியே கூரையைக் கழுவி, விளிம்புல சீலன்ட் (இடுக்கை அடைக்கற பசை) வெடிச்சிருக்கான்னு பார்த்து, வெடிச்சிருந்தா புதுசா போட்டுட்டு அப்புறம் மாட்டச் சொல்லுங்க.

கேள்வி: வணக்கம் சார். நாங்க ஓரிகன்ல ஹில்ஸ்போரோ. எங்க ஃபிஃப்த் வீல்ல (பிக்கப் ட்ரக் முதுகுல மாட்டி இழுக்கற பெரிய ட்ரைலர்) மூணு ஸ்லைடுக்கும் பழைய ஓனரே டாப்பர் போட்டு வச்சிருந்தார். மழை பெஞ்சா நடுவுல தொப்பை போட்டு தண்ணி நிக்குது, ஸ்லைடை உள்ள இழுத்தா மொத்தமும் ஒரு பக்கமா கொட்டுது, போன தடவை கீழ நின்ன என் வீட்டுக்காரர் முழுசா நனைஞ்சுட்டார். அவர் கழட்டி வீசிடலாம்ங்கறார், எனக்கு மனசு வரல.

பதில்: கழட்டாதீங்கம்மா, அதுவும் உங்க ஊர்ல. ஓரிகன்ல மேற்குப் பக்கம் டக்ளஸ் ஃபர் மரத்துக்கு அடியிலதான் பாதி கேம்ப்கிரவுண்டே இருக்கு, ஊசி இலை, பாசி, குச்சி எல்லாம் வருஷம் பூரா விழுந்துக்கிட்டே இருக்கும், மூணு ஸ்லைடையும் மழையில ஏணி வச்சு கூட்டறது நடக்கற காரியமா?

தண்ணி நிக்கறதுக்கு காரணம் ரெண்டு. துணி பழசாகி இழுபட்டிருக்கும், இல்லேன்னா ரோலர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், பழைய வண்டின்னா ரெண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஸ்லைடு பாதி வெளிய இருக்கும்போது துணியைப் பாருங்க, அப்பவும் தளதளன்னு தொங்கினா ஸ்பிரிங் மேல சந்தேகம், அதை ஒண்ணு ரெண்டு சுத்து கூட முறுக்கி விட்டாலே பல சமயம் சரியாயிடும், ஆனா அது தெரிஞ்சவங்க செய்யற வேலை, ஏன்னு கடைசி கேள்வியில சொல்றேன்.

அதுவரைக்கும் கிளம்பற அன்னைக்கு செய்ய வேண்டியது இதுதான். ஸ்லைடு பட்டனைத் தொடறதுக்கு முன்னாடி வெளிய வந்து, மெத்துனு இருக்கிற பிரஷ் விளக்குமாறை துணிக்கு அடியில நடுவுல வச்சு மெதுவா மேல தூக்குங்க. தண்ணி வெளி ஓரமா வழியும். முதல்ல ஓரத்துல தூக்கினீங்கன்னா தண்ணி நடுவுக்கே ஓடும், அப்புறம் இன்னும் பாரம். ஒரு கேலன் தண்ணி 8 பவுண்டுக்கு மேல, பத்து கேலன் நின்னா 80 பவுண்டைத் தாண்டிடுது, அந்த பாரத்தோட ஸ்லைடை இழுத்தா துணிக்கும் கேடு, ரோலர் கையும் வளையும், உள்ள சுருள சுருள தண்ணி சுவர் பக்கமா தள்ளிக்கிட்டு வந்து ரெண்டு ஓரமும் கொட்டும், உங்க வீட்டுக்காரர் தலையில விழுந்தது அந்தத் தண்ணிதான். துடைப்பக் கட்டை முனையால மட்டும் குத்திடாதீங்க, பழைய வைனல் (பிளாஸ்டிக் துணி) பொத்துக்கும்.

சில பேரு துணிக்கும் கூரைக்கும் நடுவுல காத்தடிச்ச பந்தையோ நீச்சல் குளத்துல மிதக்கற நுரை உருளையையோ செருகி துணியைக் கூடாரம் மாதிரி தூக்கி வைப்பாங்க. வாரக்கணக்கா ஒரே இடத்துல நிறுத்தறவங்களுக்கு அது நல்ல யோசனை, தண்ணி நிக்காது. ஆனா கிளம்பும்போது அதை எடுக்க மறந்தா தீர்ந்தது, அதனால ஸ்லைடு பட்டனுக்குப் பக்கத்துல ஒரு சீட்டு ஒட்டி வச்சிடுங்க.

இன்னொண்ணு, மழையில நனைஞ்ச துணியைச் சுருட்டித்தான் வீட்டுக்கு கொண்டு வருவீங்க, வேற வழியில்ல. வந்தப்புறம் வெயில் அடிக்கற ஒரு நாள் ஸ்லைடை எல்லாம் வெளிய தள்ளி காய விடுங்க, இல்லேன்னா கரும்புள்ளி பூஞ்சை பிடிச்சுடும், அது துணியை விட்டுப் போகாது. மவுண்ட் ஹூட் பக்கம் பனியில போய் நிறுத்தறதா இருந்தா துணி மேல பனியை சேர விடாதீங்க, ராத்திரி ஸ்லைடை உள்ள வச்சுக்கறதுதான் நல்லது.

கேள்வி: அரிசோனா, சேண்ட்லர். பழைய துணி கிழிஞ்சு போச்சு, ரோலர் நல்லா இருக்கு. துணி மட்டும் மாத்தலாம்னு பார்த்தா வைனல், அக்ரிலிக்னு ரெண்டு சொல்றாங்க. எது வாங்க? இந்த பாலைவனத்துல டாப்பர் தேவையா முதல்ல?

பதில்: ரோலர் நல்லா இருந்தா துணி மட்டும் மாத்தறது புத்திசாலித்தனம், முழு செட்டு வாங்க வேண்டாம்.

வைனல் தண்ணியை சொட்டுகூட விடாது, விலையும் கம்மி, ஆனா வெயில்ல காஞ்சு விறைச்சு மேல் தோல் உரியும். அக்ரிலிக்னா நெசவுத் துணி, சன்ப்ரெல்லான்னு கேள்விப்பட்டிருப்பீங்க, கிளென் ரேவன் கம்பெனியோடது, சாயம் நூலுக்குள்ளயே இருக்கிறதால சீக்கிரம் வெளுக்காது, காத்து போய் வரும், சீக்கிரம் காயும். தண்ணி மேல நின்னா மட்டும் மெல்ல கசியும். உங்க ஊர்ல தண்ணி நிக்கிற அளவுக்கு என்னைக்கு பெய்யுது, கண்ணை மூடிக்கிட்டு அக்ரிலிக் வாங்குங்க. ஓரிகன் அம்மாவா இருந்தா வைனல்னு சொல்லியிருப்பேன்.

ஆனா துணியை விட முக்கியமா தையலைக் கேளுங்க. அரிசோனா வெயில்ல துணி தெம்பா இருக்கும்போதே நூல் இத்துப்போய் ஓரம் பிரிஞ்சுடும். சாதா பாலியெஸ்டர் நூலா, டெனாரா மாதிரி பிடிஎஃப்இ நூலான்னு கேட்டு வாங்குங்க, பின்ன சொன்ன நூல் வெயிலுக்கு அசையாது, கொஞ்சம் காசு கூட கேப்பாங்க, கேக்கட்டும், குடுங்க.

தேவையான்னா, இலைக்காக தேவையில்ல, நிழலுக்காக போடலாம். ஸ்லைடு கூரையில நேரா வெயில் விழாது, ரப்பர் ஷீட்டும் சீலும் நாள்பட உழைக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும், ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 30 வரைக்கும் அங்க மான்சூன் சீசன், புழுதிச் சுவர் கிளம்பி வரும்னு போன்ல அலர்ட் வந்தா வேற எதையும் பார்க்காம ஸ்லைடை உள்ள இழுங்க.

கேள்வி: போன வருஷம் ஸ்லைடுல ஒழுகுதுன்னு டாப்பர் போட்டோம். இப்பவும் சோபாவுக்குப் பின்னாடி கீழ் மூலையில கார்ப்பெட் ஈரம். ஏமாத்திட்டாங்களா? (நார்த் கரோலினா)

பதில்: ஏமாத்தினாங்களோ என்னவோ, ஒழுகலுக்கு டாப்பர் மருந்து இல்ல. காத்தோட சாய்வா அடிக்கற மழை துணிக்கு அடியில பக்கவாட்டுல பூந்து வரும், கீழ் மூலை நனையுதுன்னா எனக்கு கூரை மேல சந்தேகமே கம்மி. ஸ்லைடை முழுசா வெளிய தள்ளிட்டு சுத்தியும் சீலைப் பாருங்க. ஸ்லைடு வெளிய போனப்புறம் சீலோட உதடு வெளிப்பக்கமா மடிஞ்சு நிக்கணும், சில சமயம் ஒரு இடத்துல மட்டும் உள்பக்கமா சுருண்டு மாட்டிக்கும், அப்படியே தண்ணியைக் கூப்பிட்டு உள்ள விடும். மழுங்கின பிளாஸ்டிக் பட்டையால நெம்பி வெளிய எடுத்து விட்டா போதும். சீல் காஞ்சு விறைச்சிருந்தா ரப்பருக்குன்னே விக்கிற கண்டிஷனர் ஸ்ப்ரே அடிங்க, கையில பிட்டு வர்ற அளவுக்கு போயிருந்தா மாத்திடுங்க.

அப்பவும் நிக்கலேன்னா ஒருத்தர் உள்ள டார்ச்சோட உக்காரணும், இன்னொருத்தர் வெளிய சாதா ஹோஸ்ல மெல்ல தண்ணி விடணும், கீழ இருந்து ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மேல போகணும். மேல இருந்து ஆரம்பிச்சா தண்ணி எல்லா இடத்துலயும் வழிஞ்சு எங்க நுழையுதுன்னே தெரியாது. பிரஷர் வாஷர் எடுத்துடாதீங்க, நல்ல சீலுக்குள்ளயும் அது தண்ணியை ஏத்திடும். தரையை கட்டை விரலால அமுக்கிப் பாருங்க, மெத்துனு அமுங்கினா பலகை ஊறிடுச்சு, அதுக்கப்புறம் துணி, சீல் பேச்சை விட்டுட்டு நேரா ரிப்பேர் ஆளைக் கூப்பிடுங்க.

கேள்வி: யூட்யூப் பார்த்து நானே மாட்டிடலாமா அண்ணா? கூலி மிச்சமாகுமே. (சிகாகோ பக்கம்)

பதில்: மாட்டலாம், சுவத்துல பட்டை ஏற்கெனவே இருந்தா, கூட ஒரு ஆளும் இன்னொரு ஏணியும் இருந்தா. அளவு எடுக்கும்போது ஸ்லைடோட வெளி விளிம்புச் சட்டத்தை ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் அளக்கணும், கூரையோட அகலம் வேற, அதை அளந்து ஆர்டர் பண்ணிட்டு திருப்பி அனுப்பறவங்கதான் அதிகம். ஸ்லைடு எத்தனை இஞ்ச் வெளிய வருதுன்னும் பார்த்துக்கோங்க, ஒவ்வொரு மாடலும் இவ்வளவு தூரம்தான் விரியும்னு கணக்கு இருக்கு. ஸ்க்ரூ போடற ஒவ்வொரு ஓட்டையிலயும் சீலன்ட். ரோலர் ஸ்பிரிங்கை முறுக்கினப்புறம் பின்னு போட்டு லாக் பண்ணாம கையை எடுக்கவே கூடாது, விட்டா அது சுத்தற வேகத்துல விரல் போயிடும், ஏணியில நிக்கிற ஆள் கீழ விழறதும் அந்த நேரத்துலதான். மாட்டி முடிச்சப்புறம் முதல் தடவை ஸ்லைடை உள்ள இழுக்கும்போது ஒருத்தர் வெளிய நின்னு துணி நேரா சுருளுதான்னு பாருங்க, கோணலா ஏறினா உடனே நிறுத்துங்க. முதல் ஹைவே ட்ரிப்ல வழியில எங்கயாவது வண்டியை ஓரம் கட்டி சுருள் இறுக்கமா இருக்கான்னு இறங்கிப் பார்த்துடுங்க. லூசா இருந்தா 65 மைல் வேகத்துல காத்து துணியை உருவி வெளிய எடுத்துடும். வண்டி இன்னும் வாரன்டில இருந்தா மட்டும் ட்ரில்லைத் தொடறதுக்கு முன்னாடி தயாரிப்பாளருக்கு ஒரு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கிக்கோங்க.